விரதம் பிடித்த மீன்கள்

கந்தசஷ்டி தொடங்கிய அன்று காலை என் அம்மா ஈரத் தலையோடு பின்வளவுக் குளத்தடியில் நின்று மீன்களுக்கு விரத விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இண்டையில இருந்து ஆறு நாளைக்குப் புட்டும் இல்லை, சோறும் இல்லை. நானும் பாலும் பழமுந்தான். நீங்களும் என்னோட சேந்து விரதம் பிடியுங்கோ. இடையில வேற எதையும் வாயில வைச்சியளெண்டா அது உங்கட பாவம். என்னைச் சாட்டக் கூடாது, சொல்லிப்போட்டன்."

மீன்கள் வழக்கம்போல் அவர் நின்ற பக்கமாக ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கையிலிருந்த வெறும் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுச் சாமியறைக்குள் போய்விட்டார்.

நான் பைப்படியில் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சையை மூன்றாம் முறை எடுக்கக் காத்திருந்த காலம் அது. என்னை இரண்டு முறையும் கவிழ்த்த பாடம் உயிரியல். ஆகவே மீன்களுக்குக் காது எங்கே இருக்கிறது என்பதில் எனக்கு ஓரளவு சந்தேகம் இருந்தது. அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

குசினி வாசலில் சுகி நின்றாள். சுகி அப்பாவின் தங்கை மகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடா விசாவுக்காக எங்கள் வீட்டில் காத்திருந்தவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னைவிட முப்பது வயது பொறுமைசாலி.

நான் வாய் நிறைய நுரையோடு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அலகு உடைந்த வாத்து

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்தது. வாடகை வீடு. வீட்டுக்காரர் இரத்மலானையில் இருந்தார். எங்களுக்கு முன் அங்கே ஒரு பறங்கிக் குடும்பம் குடியிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. போகும்போது அவர்கள் பியானோவைக் கொண்டுபோனார்கள், நாயைக் கொண்டுபோனார்கள், குளத்தை விட்டுவிட்டுப் போனார்கள்.

குளம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஆறடி நீளமும் முழங்கால் ஆழமும் உள்ள சீமெந்துத் தொட்டி அது. நடுவில் ஒரு சீமெந்து வாத்து. அதன் வாயால் ஒரு காலத்தில் தண்ணீர் பீறிட்டிருக்க வேண்டும். எங்கள் காலத்தில் அலகு உடைந்து, வெற்றிலை போட்ட கிழவரின் வாய்போல் சிவந்திருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் வர வழி வைத்தவர் போக வழி வைக்கவில்லை. இந்த ஒரு குறையால் எங்கள் குடும்பம் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தொட்டிக்குள் ஓர் ஊரே இருந்தது. தண்ணீரின் மேல் கால் நனையாமல் ஓடும் பூச்சிகள் இருந்தன. காலி வீதி பஸ்களைப் போலவே அவையும் காரணமில்லாமல் நின்று, காரணமில்லாமல் பாயும். வாத்தின் கழுத்தில் நத்தைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ஒரு நத்தை வாத்தின் தலையை அடைய எடுத்த நேரத்தில் நான் தாவரவியலில் ஒரு அத்தியாயத்தை முடித்திருக்கலாம், நத்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அடியில், சேற்றோடு சேறாக, தும்பியின் குடம்பி படுத்திருக்கும். வெளியே அழகாகப் பறக்கும் தும்பியைப் பற்றிப் பாட்டுப் பாடுகிறவர்கள் அதன் பிள்ளைப் பருவத்தைப் பார்த்ததில்லை. முகமூடிக்குள் மடித்து வைத்திருக்கும் கொடுக்கை நீட்டி வாற்பேய்களைப் பிடித்துத் தின்னும். தப்பிய வாற்பேய்கள் தவளைகளாகி, ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களிலும் சத்தம் போட்டன. அந்த ஒழுங்கையில் அடையாள அட்டை இல்லாமல் வாயைத் திறந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இடையில் ஒரு விஷயம். இரண்டு வாரங்களுக்கு முன் இதே பத்தியில் அப்பாவின் தட்டச்சு இயந்திரத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "பெற்ற தகப்பனைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா?" என்று வத்தளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எழுதலாம், அம்மா. அவரே படித்து எழுத்துப் பிழை திருத்தித் தந்த பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது.

பத்து மீன்களும் ஒரு சைவ வீடும்

மீன்கள் பிறகு வந்தவை. அவற்றைக் கொண்டுவந்தவர் சுகாதாரப் பரிசோதகர். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் 'பி.எச்.ஐ. மாத்தயா', மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை, கையில் நீளப் பிடி போட்ட வெள்ளை எனாமல் அகப்பை. டெங்குக் காய்ச்சல் பரவிய ஒரு மழைக்காலத்தில் வீடு வீடாக ஏறி, பூச்சாடியிலும் இளநீர்க் கோம்பையிலும் நுளம்புக் குடம்பி தேடிக்கொண்டு வந்தார். எங்கள் தொட்டியைக் கண்டதும் அவர் முகத்தில், புதையல் கண்டவரின் மகிழ்ச்சியும் அதைத் தானே அள்ள வேண்டியவரின் சலிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் ஒரு பொலிதீன் பையில் பத்து கப்பி மீன்களோடு வந்தார்.

"மதுருவோ கனவா" என்றார், நுளம்பு தின்னும் என்று. பிறகு அம்மாவுக்காகத் தமிழுக்கு மாறினார். "மிஸிஸ், இது நுளம்புக் குஞ்சு எல்லாம் சாப்பிடும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உட்டா சரி."

அம்மாவுக்கு விளங்கியது. விளங்கியதால்தான் பிரச்சினை. எங்கள் வீடு முட்டைகூட ஏறாத சைவ வீடு. இப்போது அரசாங்கமே பத்துக் கொலைகாரர்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, வீட்டுக்குள் விட்டு, சும்மா இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போகிறது.

அம்மா மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் காலையில் ஒரு கிண்ணம் புட்டோடு குளத்தடிக்குப் போனார்.

"வயிறு நிறைஞ்சா ஏன் அதுகள் உயிரைக் கொல்லுதுகள்?" என்று எங்களைக் கேட்டார்.  பதிலுக்கு நிற்காமல் கிண்ணத்தைத் தண்ணீரில் கவிழ்த்தார்.

அன்றிலிருந்து காலையில் புட்டு, மத்தியானம் சோறு, வெள்ளிக்கிழமைகளில் மோதகத்தின் ஓரம். கப்பி முட்டை இடாது, குட்டி போடும். நல்ல சாப்பாடு கிடைத்தால் நிறையப் போடும். மூன்று மாதத்தில் பத்து மீன்கள் இருநூறாகின. எல்லாம் வயிறு உருண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் எழுந்தவர்களைப்போல் மெதுவாக நீந்தின. அவற்றின் மூக்குக்கு முன்னால் நுளம்புக் குடம்பிகள் நெளிந்து விளையாடின. ஒரு மீன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியே, சைவமாகிவிட்டுதுகள்" என்பார்.

"சாப்பாட்டுக்கு முன்னால ஒருத்தரையும் நம்பேலாது" என்று அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சொன்னார்.

அவர் சொல்லக் கூடியவர்தான். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், எதையும் மூன்று பிரதி எடுத்து வைக்கும் மனிதர், நெற்றியில் மூன்று கோடு. ஆனால் சனிக்கிழமை மாலைகளில் 'நடந்திட்டு வாறன்' என்று காலி வீதிக்குப் போய்த் திரும்பி வரும்போது அவர் மீசையில் ஆட்டிறைச்சி ரோல்ஸின் மிளகு மணக்கும். அது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்று நானும் அப்பாவும் நினைத்திருந்தோம்.

வெள்ளை அகப்பை

கந்தசஷ்டிக்கு முதல் நாள் பி.எச்.ஐ. மாத்தயா மறுபடி வந்தார். தான் விட்ட மீன்களைப் பார்க்க ஆசையோடு வந்த மனிதர். அகப்பையைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தார். வெள்ளை எனாமலில் முப்பது நாற்பது குடம்பிகள் துள்ளின. கூடவே வந்த ஒரு கப்பி அவற்றின் நடுவில் சோம்பலாகக் கிடந்தது.

"மிஸிஸ்!" என்றார். குரலில் கோபத்தைவிட வேதனைதான் இருந்தது. "நம்ம மீனுக்கு என்ன செஞ்ச?"

அம்மா உண்மையைச் சொன்னார். அவர் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் புட்டு தின்று கடமை தவறிய மீன்களை அவர் கண்டதில்லை போலும். பிறகு பையிலிருந்து சிவப்புத் தாள் ஒன்றை எடுத்து எழுதினார். அடுத்த ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகள் டெங்குவால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்றார். புதிய கட்டளைப்படி, அன்றையும் சேர்த்து எண்ணி ஏழாம் நாள் ஒரு பொலிஸ்காரரோடு வருவார். குடம்பி இருந்தால் பொலிஸ் உள்ளே வந்து வாக்குமூலம் எடுக்கும், வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைப் பதியும், வழக்கு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகும். இல்லாவிட்டால் பொலிஸ் கேற்றோடு திரும்பிவிடும்.

அந்த நேரம் பார்த்துச் சுகி ஒரு கிளாஸ் தண்ணீரோடு வெளியே வந்தாள். வந்த மனிதருக்குத் தாகமாக இருக்கும் என்று நினைத்தாளாம். அவர் வாங்கிக் குடித்தார். அவளை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அப்பா அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் என்று சொல்கிறேன். போர் நடந்த அந்த நாட்களில் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த எவரும் பொலிஸில் பதிய வேண்டும். பதிவுக்குத் தவணை உண்டு. தவணை முடிந்தால் வீட்டுக்காரரின் கடிதத்தோடு போய்ப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் மகளைப் பார்க்க லண்டனுக்குப் போயிருந்தார். சுகியின் பதிவு முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. பதிவில்லாதவளைப் பொலிஸ் கண்டால் ஜீப்பில் ஏற்றும். எப்போது திருப்பி அனுப்பும் என்பது ஏற்றியவர்களுக்கே தெரியாது. சுகியின் விசா நேர்முகமோ எட்டாம் நாள், அதாவது பி.எச்.ஐ. வருவதாகச் சொன்ன நாளுக்கு மறுநாள். தூதரகத்தின் கடிதத்தைக் காட்டி அந்த ஒரு நாள் மட்டும் அவள் வெளியே போய்வரலாம். அதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. வேறு வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், எந்தப் பக்கம் போனாலும் இரண்டு செக்பொயின்ட் தாண்ட வேண்டும். தாண்டினாலும் பதிவில்லாதவளை உள்ளே எடுக்க எவருக்கும் துணிவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆக, தொட்டியில் ஒரு குடம்பி இருந்தால் சுகி போவது கனடாவுக்கு அல்ல.

அப்பாவின் பெட்ஷீட்

அன்று மாலை குடும்பம் கூடி ஆலோசித்தது. தொட்டியை இறைத்துவிடலாம் என்றார் அப்பா. இருநூறு மீனும் வாற்பேயும் எங்கே போவது என்று கேட்டார் அம்மா. தேத்தண்ணீர் வடியால் குடம்பிகளை வடித்து எடுக்கலாம் என்றேன் நான். எடுத்து? தரையில் போட்டால் சாகும். அதுவும் கொலை.

"பக்கத்து வீட்டுக் கழிவுக் கானுக்குள்ள விடுவமே?" என்றார் அப்பா.

"பக்கத்து வீட்டிலயும் பிள்ளையள் இருக்குதுகள்" என்றார் அம்மா.

சும்மா பிடிவாதம் இல்லை அது. அம்மா அந்த வருடம் சஷ்டி விரதத்தை நேர்ந்திருந்ததே சுகியின் விசாவுக்காகத்தான். ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்து, மனதாலும் ஓர் உயிருக்குத் தீங்கு நினையாமல் இருந்தால் முருகன் விசா தருவார் என்பது ஒப்பந்தம். குடம்பியைக் கொன்றால் விரதம் போகும், விரதம் போனால் விசா போகும். கொல்லாவிட்டால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் விசாவும் போகும், சுகியும் போவாள். அம்மா விடிய எழுந்து தலைமுழுகிவிட்டு இதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். மீன்களுக்கும் விரதம். முறிப்பதும் முறிக்காததும் அவர்கள் பாடு.

இவ்வளவு நுட்பமாகச் சட்டத்தை வளைக்கத் தெரிந்த பெண்மணி புதுக்கடையில் கறுப்புக் கோட்டோடு நின்றிருக்க வேண்டியவர். குசினிக்குள் வைத்து வீணாக்கிவிட்டோம்.

இரண்டாம் நாள் போய்ப் பார்த்தேன். குடம்பிகள் அப்படியே இருந்தன.

"வெட்கப்படுதுகள்" என்றார் அப்பா. நல்ல அனுபவசாலியின் குரல். "இவ்வளவு நாளும் சைவமெண்டு பேரெடுத்திட்டு எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க எப்பிடித் தின்னிறது? மூடி விடுங்கோ. ஒருத்தரும் பாக்காட்டித் திண்டுவிடும்."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு பழைய பெட்ஷீட்டைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார். வாத்தின் தலை மட்டும் நடுவில் கூடாரக் கம்பம்போல் முட்டிக்கொண்டு நின்றது.

மூன்றாம் நாள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். குடம்பிகள் நெளிந்தன. மீன்கள் உருண்டு திரண்டு, விரதத்தின் அறிகுறி ஒன்றும் இல்லாமல் உலாவின. எனக்கு உயிரியல் தெரியாதுதான். ஆனால் மூன்று நாள் சாப்பிடாத எதற்கும் அப்படி வயிறு இருக்காது என்பது பரீட்சையில் தவறியவளுக்கும் தெரியும்.

பாலத்தில் ஒரு துவாய்

நான்காம் நாள் மத்தியானம் அம்மா களைத்துப் படுத்திருந்தார். நான் ஜன்னலருகே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தேன். சுகி தன் சாப்பாட்டுக் கோப்பையோடு பின்வளவுக்குப் போனாள். குந்தி இருந்து, பெட்ஷீட்டின் மூலையைத் தூக்கி, தன் சோற்றில் பாதியை விரலால் மசித்து மசித்துத் தண்ணீரில் போட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்காக ஒரு வீடே ஒற்றைக் காலில் நிற்கிறது, நீ என்னடாவென்றால்! ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். நான் போட்ட சத்தத்தில் அம்மாவும் அப்பாவும் எழும்பி வந்துவிட்டார்கள்.

"என்ன வேலையடி பாத்திருக்கிறாய்?" என்றார் அம்மா. "மூண்டு நாளும் நீயே?"

சுகி எழும்பவில்லை. மூலையைப் பிடித்தபடி இருந்தாள்.

"என்னால ஏலாது மாமி" என்றாள். "வாயைத் திறந்து திறந்து கேக்குதுகள். பாத்துக்கொண்டு எப்பிடிச் சாப்பிடுறது?"

"மீனடி அது!" என்றேன்.

"மூடாமலாவது இருந்திருக்கலாம்" என்றாள் அவள். பிறகு, அந்த வீட்டுக்கு வந்த ஐந்து மாதத்தில் முதல் முறையாக, தானாகக் கதைத்தாள்.

தொண்ணூற்றைந்தில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே நாளில் கிளம்பி நடந்ததே, அந்த மழையில் நாவற்குழிப் பாலத்தில் அவளும் நின்றாள். முன்னாலும் பின்னாலும் சனம். ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். அவளிடம் ஒரு பிஸ்கட் பெட்டி இருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை பசியில் அழுதுகொண்டே வந்தது.

"நான் துவாயால தலையை மூடிக்கொண்டு, அதுக்குள்ள வைச்சுத் திண்டனான் மாமி. சத்தம் கேக்காம, ஊற வைச்சு ஊற வைச்சு. முழுப் பெட்டியையும். அந்தச் சின்னன் பிறகு அழேல்லை. நான் திரும்பிப் பாக்கேல்லை."

அம்மா குந்தி அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.  பிறகு எழும்பி, செங்கற்களை ஒவ்வொன்றாகக் காலால் தள்ளிவிட்டு, பெட்ஷீட்டை இழுத்துச் சுருட்டி அப்பாவின் கையில் கொடுத்தார்.

"இனி ஒண்டையும் மூட வேண்டாம். தின்னிறதெண்டா எல்லாரும் பாக்கத் தின்னட்டும்."

"ஆனா சுகி, நீ போடக் கூடாது" என்றார் அப்பா. கெஞ்சுவதுபோல் இருந்தது. "இன்னும் ரெண்டு நாள்தான் பிள்ளை. உனக்காகத்தான்."

சுகி நிமிர்ந்தாள். "எனக்காக ஒருத்தரும் பசி கிடக்க வேண்டாம் மாமா. மாமியும்தான். மாமி சாப்பிட்டா நான் நிப்பாட்டுறன்."

"சஷ்டியில நான் எப்பிடியடி..."

"அப்ப நான் போடுவன்."

இப்படி ஒரு பேரம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அம்மா அழுதார். அழுது முடித்துக் கோபப்பட்டார். சுகியின் தாயிலிருந்து தொடங்கி அப்பாவின் பரம்பரை முழுவதையும் பிடிவாதக் கூட்டம் என்று திட்டினார். சாமியறை வாசலில் நின்று, "பாத்துக்கொண்டிரும்" என்று முருகனுக்கும் ஒரு பங்கு கொடுத்தார். பிறகு குசினிக்குள் போய்ப் பலகையில் இருந்து, இரண்டு இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து, சுகியின் கண்ணுக்கு முன்னால் சாப்பிட்டார். நான்கு நாள் காய்ந்த வயிறு. சாப்பிடச் சாப்பிட அவர் முகம் தெளிந்ததை நான் கண்டேன். முருகனும் கண்டிருப்பார்.

அன்றிலிருந்து தினமும் அம்மாவுக்கு ஒரு நேரச் சாப்பாடு. மீன்களுக்கு ஒன்றுமில்லை.

மூன்று அகப்பை

சஷ்டியின் ஆறாம் நாள் சூரன் போர், பி.எச்.ஐ. சொன்ன ஏழாம் நாளும் அதுதான். பின்னேரம் தூறலுக்குள் பி.எச்.ஐ. மாத்தயா வந்தார். பொலிஸ்காரர் கேற்றடியில், ஜேம் மரத்தின் கீழ், கக்கத்தில் புத்தகத்தோடு நின்றார். தூரத்தில் கோயில் மேளம் கேட்டது.

அதற்கு முந்தின நாளே மீன்கள் மாறியிருந்தன. வயிறு ஒட்டி, உடல் நீண்டு, தொட்டிக்குள் விறுவிறு என்று பாய்ந்து திரிந்தன. குடம்பிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தொட்டிக்கு மூலைகள் உண்டு, வாத்துக்கு அடிப்பக்கம் உண்டு. யார் எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அப்பா வீட்டு உறுப்பினர் பட்டியலின் மூன்று பிரதிகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதில் மூன்று பெயர்கள்தான் இருந்தன. சுகி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

முதல் அகப்பை. தண்ணீர் மட்டும்.

இரண்டாவது வாத்தின் பக்கமாக. ஒரு நத்தை வந்தது. அவர் அதைத் திருப்பி விட்டார்.

மூன்றாவது அகப்பையை அடிவரை விட்டு, மெதுவாகத் தூக்கினார். வெள்ளை எனாமலின் நடுவில் ஒரு குடம்பி. ஒன்றே ஒன்று. நெளிந்துகொண்டு மேலே வந்து வாலால் மூச்சு வாங்கியது. ஓரத்தில் ஒரு கப்பி.

அவர் பார்த்தார். அப்பா பார்த்தார். குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கேற்றடியில் பொலிஸ்காரர் புத்தகத்தை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார். என் கையில் இருந்தது உயிரியல் குறிப்புப் புத்தகம். அதன் மட்டையில் நகத்தால் நான் கிழித்த கோடு பரீட்சை முடியும்வரை இருந்தது.

அம்மா முன்னால் வந்து குனிந்தார். சஷ்டியின் கடைசி நாளில், தலைமுழுகி, நெற்றி நிறையத் திருநீற்றோடு, அந்த அகப்பைக்குள் முகத்தை வைத்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"தின்னு."

கப்பி தின்றது. ஒரே வாய். குடம்பியின் வால் அதன் உதட்டில் ஒரு கணம் ஆடிவிட்டு உள்ளே போனது.

"முருகா" என்றார் அம்மா. பாவத்துக்குச் சொன்னாரா, நன்றிக்குச் சொன்னாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை. நான் அந்த மீனைக் கொஞ்சியிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

பி.எச்.ஐ. மாத்தயா வாய்விட்டுச் சிரித்தார். அகப்பையைக் கவிழ்த்து மீனைத் தொட்டிக்குள் விட்டார். சிவப்புத் தாளை நான்காகக் கிழித்தார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, தன்னிடம் மீன் முடிந்துவிட்டது, அடுத்த ஒழுங்கைக்கு விட இருபது முப்பது தர முடியுமா என்று கேட்டார். இவ்வளவு மீன் வேறெங்கும் பெருகவில்லையாம்.

 குசினிக் கதவு திறந்தது. சுகி ஒரு வெறும் ஜேம் போத்தலோடு நேரே நடந்து வந்து அவர் கையில் கொடுத்தாள். கேற்றடியிலிருந்து பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாத்தயாவுக்கு ரெண்டு மகளா?" என்று பி.எச்.ஐ. அப்பாவைக் கேட்டார்.

அப்பா கையிலிருந்த மூன்று பிரதிகளையும் இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஓம்" என்றார். "ரெண்டு."

பி.எச்.ஐ. தலையாட்டினார். மீன்களைப் போத்தலில் பிடித்துக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தார். "ஹரி, யமு" என்று பொலிஸ்காரரிடம் சொன்னது கேட்டது. சரி, போவோம். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் போனார்கள்.

மறுநாளும் பிறகும்

மறுநாள் சுகி நேர்முகத்துக்குப் போனாள். விசா வர ஆறு கிழமை எடுத்தது. அதற்குள் வீட்டுக்காரர் லண்டனிலிருந்து வந்து கடிதமும் தந்துவிட்டார். விசா வந்த அன்று, சனிக்கிழமை, அம்மா என்னைக் காலி வீதிக்கு அனுப்பி ஒரு பார்சல் வாங்கிவரச் சொன்னார். எந்தக் கடை, என்ன சாமான் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. வாங்கி வந்தேன். அதை அம்மா ஒரு கோப்பையில் வைத்துக் குளத்தடிக்குக் கொண்டுபோய், அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் வைத்தார். இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

"மீனும் பாக்கத்தான் திண்டது" என்றார். "நீங்களும் இதில இருந்து தின்னுங்கோ. குசினிக்குள்ள மட்டும் வரக் கூடாது."

அப்பா பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. பேப்பருக்குப் பின்னால் கை மட்டும் வந்து போனது. இந்த இடத்தில் அவர் என் கையெழுத்துப் பிரதியில் 'மிகைப்படுத்தல்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். இல்லை என்று அம்மா சொல்கிறார்.

சுகிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். எங்கள் தொட்டி இருந்த இடத்தில் ஓர் அடுக்குமாடியின் கார்கள் நிற்கின்றன. அந்த அடுக்குமாடியின் நான்காம் மாடியில்தான் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். மூன்றாம் முறையும் நான் பரீட்சையில் தவறியதால்தான் எழுத்தாளரானேன், அது வேறு கதை.

ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டி தொடங்கும் நாளில் கனடாவிலிருந்து போன் வரும். சுகி சுகம் விசாரிக்க மாட்டாள், கோயில் விஷயம் கேட்க மாட்டாள்.

"மாமி, சாப்பிட்டீங்களே?"

"ஓமடி, சாப்பிட்டனான்."

"பொய்."

அம்மா முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குப் போவார். ஒரு இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டு, போனை வாயருகே பிடித்தபடி மெல்லுவார். எண்பது வயதுப் பல், நேரம் எடுக்கும். அந்தப் பக்கத்தில் சுகி காத்திருப்பாள். விழுங்கி முடித்ததும் அம்மா கேட்பார்:

"இப்பக் கேட்டுதே?"